நூலால் தைத்த நூல்

நுழையும்முன்

‘நூல்’ என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். பஞ்சிலிருந்து திரிக்கப்படும் இழையும் நூல். அறிஞர் இயற்றும் புத்தகமும் நூல். இழையால் தாள்களைத் தைத்து, கைப்பட எழுதி, தாமே அழகுபடுத்தும் நாட்குறிப்பேட்டில் இவ்விரு பொருளும் ஒன்றுகூடுகின்றன. அத்தகைய ஏடு எவ்வாறு உருவாகிறது, அஃது எதற்குப் பயன்படுகிறது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

1. வெற்றுப் பக்கங்கள்

அகமதாபாத் நகரின் மணிநகர்ப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கு ஏழாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தியின் வீட்டிற்கு, ஒரு கோடை விடுமுறையில், தென்காசிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து அவளுடைய ஆச்சி வந்திருந்தார்.

ஆச்சியின் பேச்சு அம்மாணவிக்குப் புதுமையாக இருந்தது. மெதுவாக நடக்கச் சொல்வதற்கு அவர், “பைய நட” என்றார். துடைப்பத்தை ‘வாரியல்’ என்றார். முறத்தைச் ‘சுளகு’ என்றார். பாத்திரம் கழுவும் இடம் அவருக்கு ‘அங்கணம்’, பாத்திரமோ ‘ஏனம்’. சோறு பரிமாறியதும், “வெஞ்சனம் என்ன வச்சிருக்க?” என்று மகளிடம் கேட்டார். மாணவி சிரித்தாள். வீட்டில் தமிழும், தெருவில் குசராத்தியும், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுபவள் அவள். இச்சொற்களும் தமிழே என்று தாய் விளக்கிய பிறகே அவளுக்கு வியப்பு உண்டாயிற்று.

விடுமுறை முடிந்தது. ஆச்சி தம் பழைய பருத்திச் சேலை ஒன்றைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் புறப்பட்டார். ஒரு மாதம் கழிந்த பின், தெருவில் வேகமாக ஓடிய தம்பியை மெதுவாகச் செல்லும்படி சொல்ல அவள் வாய் திறந்தாள். ஆச்சி சொல்லும் சொல்லையே சொல்ல விரும்பினாள். பொருள் நினைவிற்கு வந்தது, சொல் வரவில்லை.

அன்று மாலை அவள் கடையில் நாட்குறிப்பேடு ஒன்று வாங்கினாள். அதில் ஒவ்வொரு பக்கத்திலும் நாளும் கிழமையும் அச்சிடப்பட்டிருந்தன. மூன்று நாள் எழுதினாள். நான்காம் நாள் தேர்வு வந்தது. ஐந்தாம் நாள் மறந்துபோயிற்று. ஒரு வாரத்திற்குப் பின் ஏட்டைத் திறந்தபோது, எழுதாத பக்கங்கள் ஒவ்வொன்றும் தன்னைக் குறை கூறுவதுபோல் அவளுக்குத் தோன்றியது. ஏட்டை மூடி வைத்துவிட்டாள்.

நாட்குறிப்பு எழுதத் தொடங்குவோர் பலருக்கும் நேர்வது இதுவே. நாள்தோறும் எழுதியாக வேண்டும் என்னும் கட்டாயமே எழுதும் விருப்பத்தைக் குலைத்துவிடுகிறது. கையால் கட்டிய ஏட்டிற்கு அத்தகைய கட்டாயம் இல்லை. அதில் நாள் அச்சிடப்பட்டிருப்பதில்லை. எழுதும் நாளில் நாளைக் குறித்தால் போதும். எழுதாத நாள் அங்கு வெற்றிடமாகவும் நிற்பதில்லை.

2. ஓலையும் தாளும்

தமிழர் பல நூற்றாண்டுகளாக ஏடுகளைக் கையாலேயே ஆக்கினர். பனையோலையை வேகவைத்து, உலர்த்தி, வழுவழுப்பாகத் தேய்த்து, ஒரே அளவாக நறுக்கினர். எழுத்தாணியால் ஓலையில் எழுத்துகளைக் கீறினர். கீறிய எழுத்து விளங்கித் தோன்றும்பொருட்டு விளக்குக்கரி, மஞ்சள் முதலியவற்றைத் தடவினர். ஓலைகளில் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினர். இவ்வாறு கட்டப்பட்டதே சுவடி. எழுதுபொருள்களைக் குறிக்கும் ஓலை, ஏடு, மடல், இதழ், தாள் ஆகிய தமிழ்ச்சொற்கள் யாவும் செடிகொடி மரங்களின் உறுப்புப் பெயர்களாகவே இருத்தல் கருதத்தக்கது.

தாளைக் கையால் ஆக்கும் தொழிலும் இந்தியாவில் உண்டு. இராசத்தானில் செய்ப்பூருக்கு அருகிலுள்ள சாங்கானேரில் ‘காகசி’ எனப்படும் மரபினர் கைத்தாள் செய்கின்றனர். ஆடை தைக்குமிடங்களில் எஞ்சும் பருத்தித் துணித்துண்டுகளைக் கூழாக அரைத்து, நீரில் கலந்து, சல்லடையால் முகந்து, அழுத்தி, உலர்த்தினால் கைத்தாள் கிடைக்கும். ஆலைத்தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் அமைவதால், அத்தாள் ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் கடினமாகவும் மடங்கும். கைத்தாளில் இழைகள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடப்பதால் இவ்வேறுபாடு இல்லை. காந்தியடிகள் கைத்தாளைக் கிராமத் தொழில்களுள் ஒன்றாகக் கருதி ஊக்குவித்தார்.

வட இந்திய வணிகர்களின் கணக்கேடும் கையால் கட்டப்பட்டதே. நீண்ட தாள்களை மடித்து, நடுவில் வெள்ளை நூலால் தைத்து, சிவப்புத் துணி உறை இட்டிருப்பர். குசராத்து வணிகர்கள் தீபாவளியன்று புதிய கணக்கேட்டை வைத்து வழிபடுவர். வங்காளத்தில் இவ்வழக்கம் அவர்தம் புத்தாண்டு நாளில் நிகழும். தமிழர் கலைமகள் விழாவில் புத்தகங்களை அடுக்கி வழிபடுவதும் இதனோடு ஒப்பிடத்தக்கது. எழுதும் ஏட்டை மதித்தல் இந்திய மொழியினர் பலருக்கும் பொதுவான பண்பாகும்.

மணிநகர் மாணவி தன் ஏட்டிற்கான வழியைக் கண்டதும் இத்தகைய கணக்கேடு ஒன்றில்தான். தெருமுனை மளிகைக்கடை முதியவர் தம் சிவப்பு ஏட்டை விரித்தபோது, நடுமடிப்பில் ஓடிய தையலை அவள் உற்று நோக்கினாள். மூன்றே துளைகள், ஒரே நூல். ‘இதை நாமும் செய்யலாமே’ என்னும் எண்ணம் அவளுக்கு எழுந்தது.

3. ஏடு கட்டும் முறை

தேவையான பொருள்கள்: ஏ4 அளவுத் தாள் 10, பழைய நாட்காட்டியின் அட்டை ஒன்று, பருத்தித் துணி, தடித்த ஊசி, 60 செ.மீ. நீளமுள்ள தடித்த நூல், மெழுகுத்துண்டு, மைதாப் பசை.

முதற்படி: பத்துத் தாள்களையும் ஒவ்வொன்றாக நடுவில் மடித்து, ஒன்றனுள் ஒன்றாகச் செருக வேண்டும். ஒரு தாள் மடிந்தால் நான்கு பக்கம். பத்துத் தாளுக்கு நாற்பது பக்கம். உள்ளே இருக்கும் தாள்கள் ஓரத்தில் சிறிது வெளியே நீண்டிருக்கும். அது பிழையன்று, அப்படியே விட்டுவிடலாம்.

இரண்டாம்படி: விரித்த தாளைவிட ஒவ்வொரு புறமும் 3 மி.மீ. கூடுதலாக அட்டையை வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு கரண்டி மைதாவை ஒரு குவளை நீரில் கட்டியின்றிக் கரைத்து, பெரியவர் துணையுடன் சிறுதீயில் காய்ச்சினால் பசை ஆயத்தமாகும். ஆறிய பசையை அட்டையில் மெல்லியதாகப் பூசி, துணியை அதன்மேல் வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவ வேண்டும். அவ்வாறு நீவினால் காற்றுக்குமிழி தங்காது. அட்டையைச் சுற்றி 2 செ.மீ. துணியை மிகுதியாக விட்டு, அதனை உட்புறம் மடித்து ஒட்ட வேண்டும். பின்பு உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி, கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு வைக்க வேண்டும். கட்டுநர் சிலர் பூச்சி அண்டாதிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சாகையால் மாணவர் அதனைப் பயன்படுத்தலாகாது.

மூன்றாம்படி: உலர்ந்த உறையை நடுவில் மடித்து, அதனுள் தாள்களை வைக்க வேண்டும். நடுமடிப்பின் மையத்தில் ஒரு துளையும், மேலும் கீழும் ஓரத்திலிருந்து 3 செ.மீ. உள்ளே ஒவ்வொரு துளையும் இட வேண்டும்.

நான்காம்படி: நூலை மெழுகில் ஒருமுறை இழுத்தால் அது சிக்காது. நடுத்துளையின் உட்புறத்தில் தொடங்கி ஊசியை வெளியே செலுத்த வேண்டும்; நூலின் நுனியை உள்ளே 8 செ.மீ. விட்டுவைக்க வேண்டும். பின்னர் மேல்துளை வழியாக உள்ளே வந்து, நடுத்துளையைக் கடந்து, கீழ்த்துளை வழியாக வெளியே செல்ல வேண்டும். இறுதியில் நடுத்துளை வழியாக மீண்டும் உள்ளே வர வேண்டும். நூலின் இரு நுனிகளும் உள்ளே ஓடும் நீண்ட இழையின் இருபுறமும் அமையுமாறு வைத்து, அவ்விழையைச் சேர்த்து முடிச்சிட வேண்டும். ஏடு முடிந்தது.

மாணவி தன் ஏட்டிற்கு உறையாகத் தேர்ந்தது ஆச்சியின் பழைய சேலை. உடல்பகுதி நைந்திருந்தது, பச்சைக்கரை மட்டும் உறுதியாக இருந்தது. சேலையை வெட்டத் தாய் முதலில் தயங்கினார். பின்பு, பெட்டியில் மடிந்து கிடப்பதைவிட நாள்தோறும் கையில் இருப்பதே நன்று என்று தாமே கரையை வெட்டிக் கொடுத்தார்.

4. அழகுபடுத்தும் முறை

ஏட்டை அழகுபடுத்தல் என்பது கடையில் விற்கும் ஒட்டுப்படங்களால் பக்கத்தை நிரப்புதல் அன்று. அந்த நாளின் சுவடு ஒன்று பக்கத்தில் தங்குதலே அழகு. பேருந்துச் சீட்டு, கடிதத்தின் அஞ்சல்தலை, தைத்த சட்டையில் எஞ்சிய துணித்துண்டு ஆகியவை எழுதிய செய்திக்குச் சான்றாகவும் அணியாகவும் நிற்கும். சனவரி 14 ஆம் நாள் அகமதாபாத்தின் வானில் பட்டங்கள் பறக்கும். அன்று அறுந்து மாடியில் விழுந்த பட்டத்தின் மெல்லிய தாளை மாணவி தன் ஏட்டில் ஒட்டினாள். அதன் எதிர்ப்பக்கத்தில், அதே நாளை ஒட்டித் தமிழ்நாட்டில் கொண்டாடப்படும் பொங்கலுக்கு வாசலில் இட்ட புள்ளிக்கோலத்தை வரைந்தாள். அவளுடைய வாழ்வின் இரு ஊர்களும் அடுத்தடுத்த பக்கங்களில் அமைந்தன.

சில செய்திகளை நினைவிற்கொள்ளுதல் நலம். இலையையோ பூவையோ ஒட்டுவதற்குமுன், செய்தித்தாள்களுக்கிடையே வைத்துக் கனமான பொருளின் அடியில் ஒன்றிரண்டு வாரம் உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். ஒளிபுகும் ஒட்டுநாடா காலப்போக்கில் மஞ்சளாகித் தாளையும் கறைப்படுத்தும், பசையே ஏற்றது. மஞ்சள்தூளை நீரில் குழைத்தால் மஞ்சள்நிறம் கிடைக்கும். அதனோடு சிறிது சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பாக மாறும். மஞ்சளின் நிறம் வெயிலில் மங்குமாதலால் ஏட்டை நிழலில் வைக்க வேண்டும்.

எழுத்துப்பிழை நேர்ந்தால் பக்கத்தைக் கிழிக்க வேண்டியதில்லை. கவியரசர் இரவீந்திரநாத் தாகூர் தம் கையெழுத்துப்படிகளில் அடித்த சொற்களைக் கோடுகளால் இணைத்துப் பறவைகளாகவும் விலங்குகளாகவும் விந்தையான உருவங்களாகவும் மாற்றினார். பின்னாளில் அவர் ஓவியராகப் புகழ்பெற்றமைக்கு அவ்வடித்தல்களும் தொடக்கமாக அமைந்தன. லகர, ளகர, ழகரங்களில் தடுமாறும் மாணவருக்கு இது நல்ல வழிகாட்டு. திருத்திய சொல்லை மேலே எழுதி, அடித்த சொல்லை ஓர் இலையாகவோ மீனாகவோ ஆக்கிவிடலாம். பிழை மறைவதில்லை, ஆனால் அச்சம் மறைந்துவிடும்.

5. எதை எழுதுவது?

ஆனந்தரங்கர் சென்னைப் பகுதியில் 1709 ஆம் ஆண்டு பிறந்து, இளமையிலேயே புதுச்சேரியில் குடியேறியவர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாகப் பணியாற்றினார். துபாஷி என்பதற்கு இருமொழி அறிந்தவர் என்பது பொருள். பிறமொழியாளரிடையே நாள் முழுதும் பணிபுரிந்த அவர், தம் குறிப்புகளைத் தமிழில் எழுதினார். 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட அந்நாட்குறிப்பில் கப்பல்களின் வருகை, வணிகம், போர், ஊர்வழக்கு, குடும்ப நிகழ்ச்சி எனப் பலவும் இடம்பெற்றுள்ளன. அவை இன்று தென்னிந்திய வரலாற்றிற்குச் சிறந்த சான்றுகளாக விளங்குகின்றன. 1904 முதல் 1928 வரை அந்நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது.

ஆன் பிராங்கு என்னும் யூதச் சிறுமி 1942 ஆம் ஆண்டு சூன் 12 ஆம் நாள், தன் பதின்மூன்றாம் பிறந்தநாளில், கட்டமிட்ட துணியுறை கொண்ட ஏடு ஒன்றைப் பரிசாகப் பெற்றாள். நாசிகளின் கொடுமைக்கு அஞ்சி ஆம்சுடர்டாமில் இரண்டாண்டுகளுக்கும் மேல் மறைந்து வாழ்ந்தபோது, அவ்வேட்டையே தோழியாக எண்ணி ‘கிட்டி’ என அழைத்து எழுதினாள். அந்த ஏடு நிரம்பியபின் பள்ளிக் குறிப்பேடுகளில் தொடர்ந்தாள். 1945 இல் வதைமுகாமில் அவள் உயிர் நீத்தாள். 1947 இல் அவள் எழுத்து நூலாக வெளிவந்தது.

இவ்விருவரும் பெரிய செய்திகளை மட்டும் தேடி எழுதியவர் அல்லர். அன்றன்று கண்டதையும் கேட்டதையும் உணர்ந்ததையும் எழுதினர். மாணவரும் அவ்வாறே எழுதலாம். மூன்று வரி போதும். அன்று கண்ட ஒரு காட்சி, கேட்ட ஒரு சொல், மனத்தில் எழுந்த ஒரு வினா ஆகியவற்றை எழுதினால் பக்கம் உயிர்பெறும். தமிழ்ச்சொல் நினைவிற்கு வராத இடத்தில் அறிந்த பிறமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, அடிக்கோடிட்டு வைக்கலாம். பின்னர் பெற்றோரைக் கேட்டுத் தமிழ்ச்சொல்லை மேலே எழுதிக்கொள்ளலாம். பிறருடைய நாட்குறிப்பை அவர் இசைவின்றிப் படித்தல் நாகரிகம் அன்று என்பதையும் வீட்டிலுள்ள அனைவரும் நினைவிற்கொள்ள வேண்டும்.

6. மிஞ்சியிருந்த பக்கங்கள்

மாணவி தன் ஏட்டின் கடைசி ஆறு பக்கங்களை ஆச்சியின் சொற்களுக்கென ஒதுக்கினாள். தொலைபேசியில் ஆச்சி பேசும்போது காதில் விழும் புதிய சொல்லை உடனே குறித்தாள். மறந்துபோயிருந்த ‘பைய’ முதற்சொல்லாக இடம்பெற்றது. அது திருக்குறளிலும் வழங்கும் பழஞ்சொல் என்று தமிழாசிரியர் கூறியபோது, ஊர்ப்பேச்சு என்று தான் சிரித்த சொல்லின் வயதை எண்ணி அவள் வியந்தாள்.

அடுத்த கோடையில் குடும்பத்தினர் ஊருக்குச் சென்றனர். மாணவி ஏட்டை எடுத்து ஆச்சியின் மடியில் வைத்தாள். ஆச்சி பள்ளிக்குச் சென்றவர் அல்லர், எழுத்தறியாதவர். எனினும் உறையைத் தடவியதும் அவர் முகம் மலர்ந்தது.

“ஏட்டீ, இது எஞ்சேலைல்லா!” என்றார்.

“உள்ளே இருப்பதும் உங்களுடையதுதான் ஆச்சி” என்று கூறி, மாணவி சொற்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஆச்சி தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “வெஞ்சனம் என்றால் குழம்பு” என்று படித்ததும் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“குழம்பு இல்லட்டீ. சோத்துக்குத் தொட்டுக்கிடுதது. எங்க அம்மை அதைத் தொடுகறின்னும் சொல்லுவா.”

மாணவி ‘குழம்பு’ என்னும் சொல்லை அடித்து, அந்த அடித்தலைச் சிறிய ஏனமாக வரைந்தாள். அதன்மேல் ‘தொடுகறி’ என்று எழுதினாள். தான் ஒருபோதும் கண்டிராத கொள்ளுப்பாட்டியின் சொல் ஒன்று தன் கையெழுத்தில் அமர்ந்திருப்பதை அவள் பார்த்தாள்.

“இன்னும் எத்தனை பக்கம் மிச்சம் இருக்கு?” என்று ஆச்சி கேட்டார்.

“பதினொரு பக்கம்.”

“அப்படின்னா எழுது” என்று கூறி, ஆச்சி தம் அன்னையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

சொற்பொருள்

சுவடி – ஓலைகளைக் கோத்துக் கட்டிய நூல்
எழுத்தாணி – ஓலையில் எழுதும் கூரிய கருவி
சுவடு – அடையாளம்
துபாஷி – இருமொழி அறிந்தவர், மொழிபெயர்ப்பாளர்
இசைவு – உடன்பாடு
பைய – மெல்ல
ஏனம் – பாத்திரம்
வெஞ்சனம் – சோற்றுடன் தொட்டுக்கொள்ளும் கறி

மொழியை அறிவோம்

நாள் + குறிப்பு = நாட்குறிப்பு. நிலைமொழியின் இறுதியில் நின்ற ளகர மெய், வருமொழி முதலில் வல்லினம் வந்தமையால் டகர மெய்யாகத் திரிந்தது. நாள் + காட்டி = நாட்காட்டி என்பதும் அவ்வாறே அமைந்தது. நாள் + ஏடு = நாளேடு என்பதில் வருமொழி முதலில் உயிரெழுத்து வந்தமையால் ளகர மெய் திரியாமல் அவ்வுயிரோடு சேர்ந்தது.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ஓலையில் எழுதப் பயன்பட்ட கருவி ________.
2. சாங்கானேரில் கைத்தாள் செய்யும் மரபினர் ________ எனப்படுவர்.
3. ஆன் பிராங்கு தன் ஏட்டை ________ என அழைத்து எழுதினாள்.
4. பத்துத் தாள்களை நடுவில் மடித்தால் ________ பக்கங்கள் கிடைக்கும்.

ஆ. பிரித்து எழுதுக.
1. நாட்குறிப்பேடு 2. முட்செடி 3. கையெழுத்து 4. நாளேடு

இ. ஓரிரு வரிகளில் விடை எழுதுக.
1. ‘நூல்’ என்னும் சொல்லின் இரு பொருள்கள் யாவை?
2. கைத்தாள் எல்லாத் திசையிலும் ஒரே தன்மையாக மடங்குவது ஏன்?
3. கடையில் வாங்கிய ஏட்டில் மாணவி எழுதுவதை நிறுத்தியது ஏன்?
4. துணியை ஒட்டும்போது நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவுவது எதற்காக?

ஈ. ஐந்து வரிகளில் விடை எழுதுக.
1. ஓலைச்சுவடி உருவாக்கப்பட்ட முறையை எழுதுக.
2. ஆனந்தரங்கரின் நாட்குறிப்பு வரலாற்றிற்குச் சான்றாக விளங்குவது எவ்வாறு?
3. தாகூர் தம் பிழைத்திருத்தங்களை எவ்வாறு கையாண்டார்? அதனால் மாணவர் கற்பது யாது?

உ. சிந்தித்து எழுதுக.
எழுத்தறியாத ஆச்சிக்கும் அந்த ஏட்டில் பங்கு உண்டா? காரணம் காட்டி எழுதுக.

செயல்பாடு

இப்பாடத்தில் கூறிய முறையில் ஏடு ஒன்று தைத்துக்கொள்க. வீட்டில் பயன்பாடு முடிந்த துணி ஒன்றைப் பெரியவர் இசைவுடன் உறையாக இடுக. பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ அவர்தம் ஊர்ச்சொற்கள் ஐந்தைக் கேட்டு, பொருளுடன் அதன் கடைசிப் பக்கத்தில் எழுதுக. எழுதியதை அவர்களிடமே படித்துக் காட்டி, பிழை இருப்பின் திருத்திக்கொள்க.